பத்து நிமிடத்தில் பிறந்த பாட்டு

சென்ற மாதம் நம் ஆண்டு விழா நிகழ்ச்சிகளை முடிவு செய்யக் கூடினோம். இளைஞர்கள் தங்கள் நடனத்துக்குப் பதினைந்து நிமிடம் கேட்டிருந்தார்கள். ஐந்து போதும் என்று தீர்மானித்தோம். "டமார் டமார் என்று ஒரே அடி. இதில் இசை எங்கே இருக்கிறது?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, தலையாட்டியது தவறு என்று பட்டது. அப்போது என் நினைவுக்கு வந்தவர், இதே பெங்களூரில் பிறந்து, அந்த 'ஒரே அடி'யை வைத்தே உலகத்தை ஆட வைத்த பிட்டு. (வந்திக் கிழவியின் பிட்டு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. இவர் பிட்டு அப்பையா, குடகு வம்சத்தவர்.)

இளமையில் இங்கே 'டிரோஜன்ஸ்' என்ற குழுவில் கிதார் வாசித்துப் பாடியவர். 1960களின் பிற்பகுதியில் லண்டன் போனார். அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே இசைத்தட்டு உலகில் நுழைந்தார். தயாரிப்பாளர் என்றால் நமக்குப் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருவார். அந்த உலகில் அப்படியல்ல. பாட்டைத் தேர்ந்து, பாடகரைப் பிடித்து, எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும், எந்த ஓசை முன்னால் நிற்கவேண்டும் என்று முடிவு செய்பவரே தயாரிப்பாளர். எங்கள் ரயில்வே பாஷையில் சொன்னால், பணித்தளப் பொறுப்பாளர்.

1974இல் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் என்ற பாடகரை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார் பிட்டு. இசைத்தட்டின் மறுபக்கத்துக்கும் ஏதாவது ஒன்று வேண்டுமே என்று, மீதியிருந்த பத்து நிமிடத்துக்குள் இன்னொரு பாட்டையும் முடித்தார்கள். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஒப்புக்குப் போட்ட பாட்டுதான் 'குங்ஃபூ ஃபைட்டிங்'. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, அதையே முன்பக்கம் போடச் சொன்னார். அதே ஆண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். 1976இல் டினா சார்ல்ஸ் பாடிய 'ஐ லவ் டு லவ்' பிரிட்டனில் மீண்டும் முதலிடம்.

1980இல் வெளிவந்த தம் 'குர்பானி' படத்துக்காகப் பெரோஸ் கான் இவரிடம் வந்தார். படத்துக்கு இசை கல்யாண்ஜி ஆனந்த்ஜி. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பிட்டு. பாடியது லண்டனில் படித்துக்கொண்டிருந்த நாஸியா ஹஸன் என்ற பதினைந்து வயதுப் பாகிஸ்தானியப் பெண். 'ஆப் ஜைஸா கோயி' ஒலிக்காத டீக்கடை அன்று கிடையாது. நாஸியாவுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. 1981இல் 'டிஸ்கோ தீவானே'. 1995இல் அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா', எந்தச் சினிமாவின் துணையும் இல்லாமல் நாடு முழுவதும் ஓடியது.

'ஒரே அடி' என்கிறோமே, அதைப் பற்றி ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன். டிஸ்கோவில் பெரிய டிரம் நிமிடத்துக்குச் சுமார் 120 முறை, இம்மி பிசகாமல் விழவேண்டும். பழைய இருப்புப்பாதையில் 13 மீட்டருக்கு ஒரு மூட்டு. வண்டி மணிக்கு 94 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு சக்கரம் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 120 மூட்டுகளைத் தாண்டும். அந்தத் தாளத்தில் தூங்கிப் போன நமக்கு, அதே தாளத்தில் ஆடுகிறவன் மேல் ஏன் கோபம்? ஒரு மூட்டு சரியில்லை என்றாலும் காது கண்டுபிடித்துவிடும். சீராக அடிப்பது சுலபமான வேலை அல்ல.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன்? 1996இல் எங்கள் ரயில்வே காலனியின் குடியரசு தின விழாவில் 'மேட் இன் இந்தியா'வுக்கு ஆடவேண்டும் என்று என் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "இதெல்லாம் ஒரு பாட்டா? வேறு நல்லதாகப் பார்" என்றேன். அவள் வேறு எதற்கும் ஆடவில்லை. அதற்குப் பிறகு மேடை ஏறவும் இல்லை. இன்று தன் மகளை நடன வகுப்பில் சேர்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, இவளிடம் நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள்."

திருவாசகமும் பாரதியும் நம் மேடையில் என்றும் இருக்கட்டும். அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஊரை விட்டு வந்து வளரும் பிள்ளைகளுக்கு, சங்கம் என்றால் 'கூடாது' என்று சொல்லும் இடமாகிவிடக் கூடாது. வர மறுக்கும் பிள்ளைக்கு எப்படித் தமிழ் சொல்லிக் கொடுப்பது? பத்து நிமிடத்தில் பிறந்த பாட்டு உலகத்தைச் சுற்றி வந்தது. நாம் வெட்டியதும் பத்து நிமிடம்தான். அடுத்த கூட்டத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கும்படி செயற்குழுவைக் கேட்கப் போகிறேன். அன்று நீங்களும் வந்து கை தூக்கினால் மகிழ்வேன்.