எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தும் முன்...

வீடியோவை எடிட் செய்ய நான்கு நாள் உட்காருகிறோம். கடைசியில் வரும் எக்ஸ்போர்ட் விண்டோவில் நான்கு விநாடி கூட நிற்பதில்லை. கோடெக், பிட்ரேட் என்று ஏதேதோ கேட்கும். ஓகே கொடுத்துவிட்டு எழுந்து விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதில் போனது இனி திரும்பி வராது.

நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். அப்பாவும் இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெற்ற அன்று நடந்த பிரிவு உபசார விழாவை என் போனில் 45 நிமிடம் படம் பிடித்தேன். எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதிகமாக வைத்தால் தெளிவு கூடும் என்று பிட்ரேட்டை 40 எம்பிபிஎஸ் ஆக்கினேன். ஃபைல் 13.5 ஜிபி வந்தது. பென் டிரைவில் இடம் இருந்தும் காப்பி ஆகவில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது.

எரிச்சலில் பிட்ரேட்டை 2 எம்பிபிஎஸ் ஆகக் குறைத்தேன். ஃபைல் 675 எம்பி. முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரிஜினலையும் 13.5 ஜிபி ஃபைலையும் அழித்தேன். இரவு டிவியில் எல்லோரும் பார்த்தோம். நண்பர்கள் அப்பா மீது பூ தூவும் காட்சி வந்தது. "என்னடா, மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது?" என்றார் அப்பா.

அன்று நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். பிட்ரேட்டை மொத்த விநாடிகளால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் ஃபைலின் அளவு, எம்பி கணக்கில். 45 நிமிடம் என்பது 2,700 விநாடி. 11 எம்பிபிஎஸ் வைத்திருந்தால் சுமார் 3,700 எம்பி. அதே பென் டிரைவில் ஐந்து மடங்குக்கு மேல் பிட்ரேட்டுடன் அடங்கியிருக்கும். இன்னொன்று, என் போன் பதிவு செய்ததே 17 எம்பிபிஎஸ்ஸில்தான். அதை 40 ஆக்கியதால் ஃபைல் பெருத்ததே தவிர, படத்தில் இல்லாத விவரம் புதிதாக வரவில்லை.

பூ தூவும் காட்சி மட்டும் ஏன் கெட்டது? எங்கள் பக்கத்து கம்பெனி பஸ்களை வைத்துச் சொல்கிறேன். ஒரே அளவு பஸ்ஸை எல்லா ஷிப்ட்டுக்கும் அனுப்பினால், ஒரு ஷிப்ட்டில் காலியாக ஓடும், இன்னொன்றில் படியில் தொங்குவார்கள். நிலையான பிட்ரேட் இப்படித்தான். ஒருவர் மைக் முன் அசையாமல் நின்று பேசும் காட்சிக்கு 2 எம்பிபிஎஸ் போதும். நூற்றுக்கணக்கான இதழ்கள் பறக்கும் காட்சிக்குப் போதாது.

ஆள் எண்ணிக்கை பார்த்து பஸ் அனுப்புவதுதான் சிஆர்எஃப். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஆர்எஃப் என்று இருக்கும். தரத்தை மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள், எந்தக் காட்சிக்கு எத்தனை பிட் என்பதை என்கோடர் பார்த்துக்கொள்கிறது. எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். எச்.264க்கு 18 முதல் 23 வரை வைத்துப் பாருங்கள். ஃபைல் இந்த அளவைத் தாண்டக்கூடாது என்ற கட்டாயம் இருந்தால் டூ பாஸ் முறை. முதல் சுற்றில் தலையை எண்ணிவிட்டு, இரண்டாவது சுற்றில் இருக்கும் பஸ்களைப் பிரித்து அனுப்பும்.

அடுத்து கோடெக். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை இயங்கியது. அந்தக் காலத்துப் பல போன்களில் வீடியோ என்றால் 176x144 அளவில் ஒரு 3ஜிபி ஃபைல். இன்று இதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கிறது. 2017ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்இவிசி முறையில் பதிவு செய்கின்றன. இடம் மிச்சம்தான். ஆனால் ஊரில் பெரியம்மா வீட்டுப் பழைய டிவியில் சத்தம் மட்டும் வரும், படம் வராது. பலருக்குக் கொடுக்கும் காப்பி என்றால், 2003லேயே வந்த எச்.264தான் இன்றும் பாதுகாப்பு.

எடிட்டிங் சாஃப்ட்வேர் தயாரிப்பவர்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. பிட்ரேட் எவ்வளவு என்று கேட்பதற்குப் பதில், "இதை எதில் பார்க்கப் போகிறீர்கள்? ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறதா?" என்று முதலில் கேட்கலாமே! அவர்கள் கேட்கும் வரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு என்கோடிங்கிலும் படத்தில் கொஞ்சம் வெட்டப்படுகிறது. வெட்டியதை எந்த சாஃப்ட்வேராலும் அப்படியே மீட்க முடியாது. தவறான செட்டிங்கைத் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் ஒரிஜினல் கையில் இருந்தால்தான்.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களின் ஒரிஜினல் ஃபைல்களை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறேன். எக்ஸ்போர்ட் கொடுக்கும் முன், அதிக அசைவுள்ள காட்சியில் ஒரு நிமிடம் மட்டும் எடுத்து, பார்க்கப் போகும் டிவியிலேயே போட்டுப் பார்க்கிறேன். அப்பாவின் விழாவுக்கும் இதைச் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.