அப்பாரு காலத்து பீரோவும் 'பிரிட்டிஷ்' விலைச்சீட்டும்

கொடுமுடிப் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டை இடிக்க நாள் குறித்துவிட்டால், முதலில் வந்து நிற்பவர் பழைய மரம் எடுப்பவர்தான். தூண், நிலவு, உத்தரம் எல்லாம் கன அடிக் கணக்கு. உள்ளறையில் நிற்கும் மர பீரோவுக்கும் அதே கணக்குத்தான். நகரத்துப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே பீரோவுக்குக் குலம் கோத்திரமெல்லாம் முளைத்துவிடும்: 'விக்டோரியன், 200 வருஷம், பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி'. விக்டோரியா பட்டமேறியதே 1837-இல். கூட்டிப் பார்த்தாலே 200 வருஷம் ஆகவில்லை.

இரண்டுமே பொய் விலைதான். ஒன்றில் விற்கிற குடும்பம் ஏமாறுகிறது, மற்றதில் வாங்குகிறவர் ஏமாறுகிறார். பீரோவின் முகத்தை மட்டும் பார்த்து வயது சொல்லும் பழக்கம்தான் இதற்கு வழிவிடுகிறது. உச்சியில் செதுக்கிய கொண்டை, கூர்வளைவு, இலைக்கொடி, முறுக்குத் தூண் எல்லாம் வயதைக் காட்டாது. எந்தக் காலத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்பதைத்தான் காட்டும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் பழைய பாணிகளைத் தோண்டியெடுத்துப் புதிதாகச் செய்து பார்ப்பதில் தீராத மோகம். 1834-இல் தீக்கிரையான நாடாளுமன்றத்தைக்கூட இடைக்காலக் கோத்திக் பாணியில்தான் திரும்பக் கட்டினார்கள். அந்த மோகம் விலைப்பட்டியல் படங்களாகக் கப்பலேறி மதராஸுக்கு வந்தது. டெஷாம்ப்ஸ், பிறகு கர்சன் போன்ற மரச்சாமான் நிறுவனங்கள் அந்த ரசனைக்கு இங்கேயே செய்து கொடுத்தன. படத்தைப் பார்த்தும், பெரிய வீட்டில் பார்த்த பீரோவை மனதில் வைத்தும் ஊர் ஆசாரிகளும் செய்தார்கள். ஆக, கோத்திக் வளைவு வைத்த பீரோ 1870-லும் பிறந்திருக்கலாம், 1935-லும் பிறந்திருக்கலாம்.

வயதை அறிய பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். பின்பலகையில் மெருகும் இல்லை, நடிப்பும் இல்லை. ரம்பத் தடம் நேர்கோடாக, சற்று ஏறுக்குமாறாக இருந்தால் கையால் அறுத்தது. பிறைபோல் வளைந்து ஓடினால் வட்ட ரம்பம் போட்ட மில் பலகை. இழுப்பறையை முழுதாக வெளியே உருவிப் பார்த்தால், மூலையில் கோத்த பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டிருப்பது கைவேலைக்கு அடையாளம். அச்சடித்தாற்போல் இருந்தால் இயந்திரம். பழைய திருகாணியின் தலைக்கீறல் நட்டநடுவில் இருக்காது. ஸ்டார் ஸ்க்ரூவுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936-இல். ஆனால் ஒற்றை ஸ்க்ரூவைக் கண்டதும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது, அது பின்னால் நடந்த பழுதுவேலையாக இருக்கலாம். அதன் பக்கத்தில் வேறு பழைய துளை அடைபட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். பலகைகளும் காலப்போக்கில் நாரின் குறுக்குவாட்டில் சுருங்கும். வட்டமாகக் கடைந்த குமிழை அளந்தால் லேசான முட்டை வடிவம் தெரியும்.

மரம் இன்னும் சுவாரசியமானது. விக்டோரியா காலத்து ஆங்கில பீரோக்களில் பல, மலிவான பைன் உடம்பின் மேல் மஹோகனி மென்தகடு ஒட்டியவை. நம் ஈரக்காற்றிலும் வெயிலிலும் அந்தப் பசை நிற்காது, கரையானுக்குப் பைன் மெத்தப் பிடிக்கும். அதனால் இங்கே செய்தவை பெரும்பாலும் முழுத் தேக்கு அல்லது ஈட்டி. இழுப்பறையின் அடிப்பலகைவரை தேக்கு என்றால் அது இங்கிலாந்துக்காரருடையது அல்ல, நம்மவர் கைவேலை என்றே கொள்ளலாம். 'எங்க அப்பாரு ரங்கூன்ல இருந்து வரவழைச்சதுங்க' என்று சொல்லாத வீடு குறைவு. டாப்ஸ்லிப்பில் தேக்குகளைச் சரிவில் உருட்டிவிட்ட ஆனைமலை பக்கத்திலேயே இருக்க, எல்லாத் தேக்கும் பர்மாவாக இருந்தாக வேண்டுமா என்ன? வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்வதும் எளிதல்ல.

உள்ளூர் ஆசாரி செய்தது என்று தெரிந்ததும் விற்பவர்கள் முகம் வாடுகிறது. அது ஏன் என்றுதான் புரியவில்லை. லண்டனில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய பீரோவைவிட, கோத்திக் வளைவுக்குக் கீழே தாமரையையும் அன்னத்தையும் துணிந்து செதுக்கிய காவிரிக்கரை பீரோ அரிது. அரிய பொருளை மறைத்து மலிவான பொய்யைச் சொல்லி விற்பது வியாபாரமாகக்கூடத் தேறாது.

குடும்பப் பெருமைக்கும் இதே அளவுகோல்தான். 'கே.பி. சுந்தராம்பாள் வீட்டில் இருந்தது' என்று கொடுமுடியில் யாராவது சொன்னால், கேட்க இனிக்கும். பழைய புகைப்படமோ ரசீதோ இல்லாவிட்டால் மதிப்பீட்டில் அதற்குச் சல்லிக்காசு கிடையாது. பூட்டின் மேல் உள்ள பெயர், கதவின் உட்புறம் ஒட்டிய கடைச்சீட்டு, பென்சிலில் ஆசாரி போட்ட குறி இவைதான் பேசும். அவற்றைத்தான் நாம் முதலில் அழிக்கிறோம். பளபளப்பு வேண்டுமென்று மணல்தாளால் தேய்த்து, அரக்குப் பாலிஷை உரித்து, பித்தளைப் பிடிகளைக் கழற்றிப் புதிது மாட்டி, மேலே பாலியூரித்தேன் அடித்தால் வாங்க வந்த சேகரிப்பாளர் பாதி விலைக்கு இறங்கிவிடுவார். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே மேல்.

விலை என்பதும் ஒன்றல்ல. அவசரத்தில் விற்றால் கிடைப்பது ஒன்று, கடையில் கேட்பது ஒன்று, தீப்பிடித்தால் ஈடுகட்டக் காப்பீட்டுக்கு எழுதுவது வேறொன்று. மதிப்பீட்டாளர் எந்த விலையைச் சொல்கிறார் என்று கேட்காமல் தாளை வாங்கக் கூடாது. அவரே வாங்கவும் முன்வந்தால் வேறொருவரிடமும் காட்டியாக வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்குச் சட்டம் உண்டு: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி மரம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழும் இருக்கிறது.

பிரிட்டனில் பி.பி.சி. 1979 முதல் ஊர் ஊராகப் போய், வீட்டுப் பொருள்களை நிபுணர் கண்ணில் காட்டும் நிகழ்ச்சி நடத்துகிறது. இங்கே தொலைக்காட்சி வேண்டாம். ஈரோடு அரசு அருங்காட்சியகம் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். பீரோவைத் தூக்கிவர வேண்டியதில்லை. முன்பக்கம், பின்பலகை, இழுப்பறை மூலை, பூட்டு ஆகியவற்றின் படம் செல்போனில் போதும். தச்சு தெரிந்த முதிய ஆசாரி ஒருவரையும் அந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும், அதற்குரிய ஊதியத்தோடு.