ஆண்டுக்கு ஒரு கண்

குழந்தை நோய்நொடியின்றி வளர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத பெற்றோர் உலகில் எங்கும் இலர். அவ்வேண்டுதலை நூலாலும் குச்சியாலும் உருவாக்கி வைக்கும் மக்கள், மெக்சிகோ நாட்டின் மேற்கு மலைத்தொடரில் வாழ்கின்றனர். தம்மை அவர்கள் விராரிகா என்று அழைத்துக்கொள்வர். குறுக்காகக் கட்டிய குச்சிகளில் வண்ண நூலைச் சுற்றி அவர்கள் செய்யும் சாய்சதுர வடிவத்துக்குச் சிக்குரி என்று பெயர். ஸ்பானிய மொழியில் அதனைக் ‘கடவுளின் கண்’ என்பர்.

குழந்தை பிறந்ததும் தந்தை நடுக்கண்ணைச் சுற்றி முடிப்பார். பின்னர் ஆண்டுக்கு ஒரு கண்ணாகச் சேர்த்து, ஐந்து வயது வரை தொடர்வது மரபு. ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆயினும், குழந்தை வளரும் வேகத்திலேயே வேண்டுதலும் வளர்கிறது.

இன்று பல நாடுகளில் சிறுவர்க்கு இக்கைவேலையைக் கற்பிக்கின்றனர். பூத்தொடுத்துப் பழகிய பாட்டிமார்க்கு இது கடினமன்று. சாண் நீளமுள்ள இரு குச்சிகளைக் கூட்டல் குறிபோல் வைத்து, நடுவில் உல்லன் நூலால் இறுகக் கட்ட வேண்டும். நடுக்கட்டு தளர்ந்தால் யாவும் தளருமாதலின், அதனைப் பெரியவர் போட்டுக்கொடுப்பது நலம். பின்பு நூலை ஒரு குச்சியின் மேலாகக் கொண்டுசென்று, அக்குச்சியை ஒருமுறை முழுதும் சுற்றி, அடுத்த குச்சிக்குச் செல்ல வேண்டும். வலம் வருவதுபோல் திசை மாறாமல் சுற்றிவந்தால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டி வெளிப்புறமாக அமரும். ‘மேலே, சுற்று, திருப்பு’ என்று சொல்லிக்கொடுத்தால் ஐந்து, ஆறு வயதுக் குழந்தை விரைவில் பிடித்துக்கொள்ளும். நிறம் மாற்றும்போது பின்புறம் முடிச்சிட்டால் போதும். மிகச் சிறிய குழந்தைகளிடம் நூலைத் தனியே விட்டுவைத்தல் ஆகாது.

பெரியோர் செய்யும் பிழை ஒன்றுண்டு. குழந்தையின் நூல் ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் ஏறியும் கிடக்கும். அது உறங்கிய பின், அன்பு மிகுதியால் அதனைப் பிரித்து அழகாகச் சுற்றி வைத்துவிடுவர். காலையில் எழுந்த குழந்தை காண்பது தன் கைவேலையை அன்று. ‘உன்னால் இயலாது’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும் குழந்தை அதனையே கேட்கிறது. மறுநாள் நூலைத் தொட அதற்கு மனம் வருவதில்லை.

கோணல் கோணலாகவே இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் காணுமிடத்தில் அதனைத் தொங்கவிடலாம். அது எந்த மக்களின் வேண்டுதல் என்பதையும் கதையாகச் சொல்லிவைத்தல் பெரியோர் கடமை. அடுத்த பிறந்தநாளில் குழந்தை இன்னொன்று சுற்றட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால், தன் கை தேறியிருப்பதை எவரும் சொல்லாமலே அது கண்டுகொள்ளும்.