விண்டோஸ் 10-க்குப் பின் லினக்ஸ்: விலையும் செலவும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட தனிப் பயனர்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும்; 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறுவதில்லை. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களில் புதிய கணினி என்பது பல சேலைகளின் கூலி. பழுதே இல்லாத ஒரு பொருளை ஒரு தேதி பழையதாக்கிவிடுகிறது.

லினக்ஸ் இலவசம். மிண்ட், உபுண்டு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் எனப் பல வடிவங்கள் உண்டு. டாஸ் காலத்துக் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு, லோட்டஸ் 1-2-3-இல் கணக்குப் போட்ட என் தலைமுறைக்கு லினக்ஸின் முனையம் அந்நியமன்று. 'சி' டிரைவ் எங்கே, 'டி' டிரைவ் எங்கே என்று சில நாட்கள் கண் தேடும். இங்கே எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. அவ்வளவுதான். முதியவர்களால் கற்க இயலாது என்பது இளைஞர்களின் கற்பனை.

உண்மையான தடை வேறு. பொருளியலில் இதை மாற்றச் செலவு என்போம். பொருளின் விலை சுழியமாக இருந்தாலும், பழையதை விட்டு வருவதற்கு ஒரு விலை உண்டு. டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டவை. தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல்தான். அதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இருபது ஆண்டு உழைப்பு வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

இந்தச் செலவை யார் ஏற்பது? 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஓய்ந்தபோது தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அதற்கு முன்பே, 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்த்தே தரப்பட்டன. கற்பிக்க ஆளில்லாத இடத்தில் மாணவர் பழகியதையே திறப்பார், அதில் வியப்பில்லை. கேரளமோ பள்ளிப் பாடநூலையும் ஆசிரியர் பயிற்சியையும் கட்டற்ற மென்பொருளை ஒட்டியே அமைத்தது. மாற்றச் செலவை அங்கே அரசு ஏற்றது. இங்கே அது பயனர் தலையில் விழுந்தது. மென்பொருள் உரிமத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்காத எந்த அறிவிப்பும் சுற்றறிக்கையாகவே நின்றுவிடும்.

தனி மனிதர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய தமிழ்க் கோப்புகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். வன்தட்டைத் தொட வேண்டாம். அச்சுப்பொறி ஒத்துழைக்கிறதா என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.