அங்கீகாரம் என்னும் சொல்லின் விலை

பழைய காரை எங்கே சர்வீசுக்கு விடுவது என்னும் கேள்வி, கற்றவர் நிறைந்த தெற்குக் கொல்கத்தாவில் இன்றும் ஒற்றைச் சொல்லால் தீர்க்கப்படுகிறது. ‘ஆத்தரைஸ்டு’ என்பது அச்சொல். நிறுவனத்தின் பலகை தொங்கும் இடம் அங்கீகரிக்கப்பட்டது. எனவே மற்ற இடங்கள் அங்கீகாரம் அற்றவை என்று மனம் தானே முடிவு கட்டிவிடுகிறது. செயப்பாட்டுவினையின் பழைய வித்தை இது: செய்தவர் யார் என்பது மறைந்துபோகிறது. யார் அங்கீகரித்தார், எதற்காக அங்கீகரித்தார் என்று எவரும் கேட்பதில்லை. அரசோ பொறியியல் அமைப்போ மெக்கானிக்கின் திறமையைச் சோதித்து வழங்கிய சான்றிதழ் அன்று அது. காரைத் தயாரித்த நிறுவனம் தன் வணிகப் பங்காளியோடு செய்துகொண்ட ஒப்பந்தம், அவ்வளவே.

இச்சொல்லுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அறிய லேக் கார்டன்ஸ் நல்ல இடம். ரவீந்திர சரோவருக்கும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலைக்கும் இடைப்பட்ட இப்பகுதியின் குடியிருப்புகளில், பத்துப் பதினைந்து ஆண்டு கண்ட சிறிய பெட்ரோல் கார்கள் நிற்பது சாதாரணக் காட்சி. மருத்துவமனைக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் பூஜை நாள்களில் உறவினர் வீட்டுக்கும் மட்டுமே ஓடுபவை அவை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட ஓய்வூதியக்காரருக்கு அந்தக் கார் அந்தஸ்துக்குரிய பொருள் அன்று. யாரையும் எதிர்பாராமல் வெளியே சென்றுவர இருக்கும் ஒரே வழி. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. பின்னர் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய காரை வைத்திருப்பதற்கே இவ்வாறு தண்டம் செலுத்துபவரின் கையில், காரின் சந்தை விலையில் பாதியை எட்டும் எஸ்டிமேட் ஒன்றை டீலர் நீட்டும்போது, அவருக்கு எஞ்சும் முடிவுகள் இரண்டுதான்: கேட்டதைக் கொடுப்பது, அல்லது காரை வந்த விலைக்கு விற்றுவிட்டு வீட்டோடு முடங்குவது.

அந்த எஸ்டிமேட் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்றால் தேய்ந்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் அல்லது பேரிங். சில வேளைகளில் ரெகுலேட்டர். டீலரின் ஒர்க்‌ஷாப்பில் முழு ஆல்டர்னேட்டரும் மாற்றப்படும். சஸ்பென்ஷனில் சத்தம் வந்தால் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கலாம். பட்டியலில் ஏறுவதோ முழு லோயர் ஆர்ம். இதில் சதி எதுவும் இல்லை. அந்த அமைப்பே அப்படிக் கட்டப்பட்டது. வாரண்டி உள்ள புதிய காருக்கு அது பொருத்தமானதும்கூட: உதிரிபாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது விரைவானது, செலவும் உரிமையாளரின் தலையில் விழாது. ஆனால் வாரண்டி முடிந்த காருக்கும் அதே முறையைக் கையாளும்போது, பழுதுபார்த்தல் என்னும் வினை உதிரிபாக விற்பனையாகச் சுருங்கிவிடுகிறது.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பின் பொருளியல் வேறு. அங்கே முழு உறுப்பையும் மாற்றச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். ஆகவே எது உண்மையில் கெட்டது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். அப்படிக் கண்டுபிடிப்பவரை வங்காளிகள் ‘மிஸ்திரி’ என்கிறார்கள். தமிழில் அவர் ‘மேஸ்திரி’. இரண்டுமே ‘மெஸ்த்ரே’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தவை. ஆசான், தொழிலில் தேர்ந்தவர் என்பது அதன் பொருள். காலப்போக்கில் சொல்லின் மதிப்பு இறங்கியது; தொழிலின் தேர்ச்சி இறங்கிவிடவில்லை. உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நகரில் மஞ்சள் டாக்சியாக ஓடியதற்கு இந்த மிஸ்திரிகளும் மல்லிக் பஜாரின் உதிரிபாகக் கடைகளுமே பெருந்துணை.

‘அது பழைய வண்டி, இன்றைய காரில் கம்ப்யூட்டர் இருக்கிறது, மிஸ்திரிக்கு என்ன தெரியும்?’ என்பது வழக்கமான மறுமொழி. தெரியாமல் போனது எப்படி என்பதற்கு அரசு ஆவணமே விடை சொல்கிறது. ஒரு நுகர்வோர் அளித்த புகாரின் மேல் 2011-இல் பதிவான வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தொழில்நுட்பக் கையேடுகளும் சுயேச்சை மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி தடுத்தார்கள் என்பதே குற்றம். அம்பாசிடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் அந்தப் பதினான்கில் ஒன்று. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஆனால் ஆணையம் விவரித்த நடைமுறை பதிவில் நிற்கிறது. சுயேச்சை மெக்கானிக்குகளுக்குத் திறன் போதாது, பாதுகாப்புக்கு ஆபத்து என்பது நிறுவனங்களின் வாதங்களுள் ஒன்று. நூலகத்தைப் பூட்டிவிட்டு, வெளியே நிற்பவன் படிக்காதவன் என்று ஏளனம் செய்வது போன்றது இது.

பல்கலைக்கழகத்தினருக்கு இது புரியாத செய்தி அன்று. ஆய்விதழ்கள் கட்டணச் சுவருக்குப் பின்னால் கட்டுரைகளை அடைப்பதை எதிர்த்துக் கையெழுத்திடும் அதே பேராசிரியர், தம் காரின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருப்பதை இயற்கை நியதியாக ஏற்றுக்கொள்கிறார். அறிவு ஆங்கிலத்தில் அச்சானால் பொதுச்சொத்து. எண்ணெய்க் கறை படிந்த கையில் இருந்தால் பொருட்டில்லை என்பதா? வர்க்கப் பார்வைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘ஜெனுவின்’ என்னும் சொல்லும் இவ்வாறே வேலை செய்கிறது. கார் நிறுவனங்கள் எல்லா உறுப்புகளையும் தாமே செய்வதில்லை. பிரேக், ஸ்டார்ட்டர், கிளட்ச் முதலியவற்றைச் செய்து தருவோர் வேறு. சென்னைப் பாடியின் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் இதற்கெனவே இயங்குபவை. இத்தகைய தயாரிப்பாளர்கள் தம் பெயரிலும் சந்தையில் விற்கிறார்கள். கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஜெனுவின். உறுப்பைத் தயாரித்தவரின் சொந்தப் பெட்டியில் வருவதை ‘லோக்கல்’ என்று தள்ளிவிடுவது பெட்டிக்குச் செலுத்தும் மரியாதை.

மிஸ்திரியின் பக்கம் குறை இல்லை என்பது பொய். எழுத்தில் பில் தராமை, செய்த வேலைக்குப் பதிவேடு இல்லாமை, போலி உதிரிபாகம் ஆகிய மூன்றும் உண்மையான நோய்கள். ஆனால் மூன்றையும் உரிமையாளரே கட்டுப்படுத்த முடியும். கழற்றிய பழைய உறுப்பைக் கையில் கேட்டு வாங்கலாம். உதிரிபாகத்தைத் தாமே கடையில் பில்லோடு வாங்கித் தரலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடலாம். டீலரின் விலைப்பட்டியலைக் கட்டுப்படுத்த உரிமையாளரிடம் இத்தகைய கருவி எதுவும் இல்லை.

டீலரிடமே போக வேண்டிய வேளைகளும் உண்டு. நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் ரீகால் வேலை, ஏர்பேக், கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருள், திறவுகோலைக் காருக்குப் பழக்குதல் ஆகியவை அங்கேயே நடக்கட்டும். ஆயில், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், குளிர்விப்பு, மின்சாரம் என்று பழைய காருக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் மற்ற வேலைகளுக்கு நல்ல மிஸ்திரியே போதும். எஞ்சின் குறியீடுகூட இன்று தடை அன்று: 2013 ஏப்ரல் முதல் கட்டாயமான ஓபிடி இரண்டாம் கட்டத்தின் பொதுக் குறியீடுகளைச் சில ஆயிரம் ரூபாய் ஸ்கேனரே படித்துவிடும். பூட்டப்பட்டிருப்பவை நிறுவனங்களின் தனிக் குறியீடுகளே.

அந்தப் பூட்டைத் திறப்பதுதான் இனி எஞ்சிய போராட்டம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே கார் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் திறந்தது. வாகனங்களும் அதன் நான்கு துறைகளுள் ஒன்று. கையேட்டையும் கருவியையும் நியாய விலையில் எவருக்கும் விற்கக் கட்டாயப்படுத்தும் சட்டத்துக்கு இணையதளம் ஈடாகாது. அச்சட்டம் வரும்வரை லேக் கார்டன்ஸின் ஓய்வூதியக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடுத்த சர்வீசுக்கு முன், டீலரின் எஸ்டிமேட்டை மிஸ்திரியிடம் காட்டி, எந்த உறுப்பு, ஏன் கெட்டது என்று விளக்கச் சொல்லிக் கேட்பது. விளக்கத் தெரிந்தவரே தொழில் தெரிந்தவர். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.