கடகமும் கடைக்காரரும்

சென்ற தவணையில் ஒருநாள் வகுப்பிலே பாடத்தினிடையே ‘கடகம்’ என்ற சொல் வந்தது. கடகம் என்றால் யாது என மாணவரை வினவினோம். உடனே கை உயர்த்தியவர் ஐவர். ஐவரும் அஃது ஓர் இராசி என்றனர். அவர்களுள் ஒருவன் ஒருபடி மேலே சென்று, தன் தாயாரின் இராசியும் அதுவே என்றும், இவ்வாண்டு அவ்விராசிக்குப் பலன் நன்றாயில்லை என்றும் தெரிவித்தான். விடை பிழையன்று. ஆயினும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கடகம் என்றதும் வானத்து நண்டு நினைவுக்கு வந்ததே யன்றி, பாட்டியார் வீட்டில் நெல்லும் எருவும் சுமந்த பனையோலைக் கடகம் நினைவுக்கு வரவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லுவதும் நீதியாகாது. காணாத பொருளின் பெயரை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

குட்டான், உமல், தடுக்கு, கொட்டப்பெட்டி, பட்டை, நீத்துப்பெட்டி, சுளகு என்று நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கிய பெயர்கள் பல. இவற்றுட் சிலவற்றை இன்று அகராதியிலே தேடவேண்டியிருக்கின்றது. ஆனால் இப்பெயர்களுக்குரிய பொருள்கள் யாவும் ஒரே கூரையின்கீழ் விலைக்கு இருக்கும் கடை ஒன்றை அண்மையிலே தென்மராட்சியிற் கண்டோம். நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்ற நாம், பிரதான வீதியை விட்டு ஒழுங்கையொன்றில் இறங்கி, வழி விசாரிப்பதற்காக நின்ற இடம் அது. கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. கடைக்காரரோ தம் பெயரைப் பத்திரிகையிற் காண விரும்பாதவர். ஆகையால் அடையாளம் இவ்வளவோடு நிற்க.

ஓட்டுக் கூரை, பனஞ்சிலாகை, முன்னே சிறு திண்ணை. இரும்புச் சுருட்கதவு வருமுன் இருந்த பலகைக் கதவுதான் இன்னும் இருக்கின்றது. ஒவ்வொரு பலகையிலும் ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். இலக்கப்படி ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தாற்றான் கடை திறக்கும்; ஒரு பலகை மாறினாலும் பூட்டாது. உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது மணம்: காய்ந்த ஓலையின் மணம், பனங்கட்டியின் மணம், புதுத் தும்புக் கயிற்றின் மணம். வளையிலிருந்து கடகங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. சுவரோரம் சட்டியும் முட்டியும் குடமும் அடுக்கியிருக்கின்றன. ஒரு மூலையிலே உலக்கை, மத்து, மர இடியப்ப உரல், சிரட்டை அகப்பை. மறு மூலையிலே திருவலை, கத்தி, மண்வெட்டிப் பிடி. ஒடியலும் புழுக்கொடியலும் சாக்கில். பினாட்டு ஓலைப் பாயிற் சுற்றியபடி. சவர்க்காரமும் தீப்பெட்டியும் கூட உண்டு. ஆனால் அவை ஏதோ விருந்துக்கு வந்த தூரத்து உறவினர்போல ஒதுங்கி நிற்கின்றன.

நாம் கடகத்தையே முதலிற் கையில் எடுத்தோம். அடி சதுரம்; வாய் வட்டம். சதுரத்தை வட்டமாக்குதல் கூடாத காரியம் எனக் கேத்திரகணித ஆசிரியர் சாதிப்பர். எழுதப் படிக்க அறியாத கிழவி ஒருத்தி, கவராயமும் அடிமட்டமும் இன்றி, ஓலை வார்களை மூலையில் மடித்துத் திருப்பி அதனை நாள்தோறும் செய்து முடிக்கின்றாள். முதலில் உட்படை இழைக்கப்படும். அதன்மேல் வெளிப்படை ஒன்று அமையும். பின் விளிம்பை நாரினாற் பொத்துவர். இந்தப் பொத்துதலே கடகத்தின் உயிர். விளிம்பு உறுதியாயிருந்தால் நெல்லோ எருவோ மண்ணோ எதைச் சுமந்தாலும் வாய் பிளவாது. இழைக்க அறிந்தவர் பலர் இருப்பர். பொத்த அறிந்தவர் சிலரே.

நீத்துப்பெட்டியின் நுட்பம் வேறு வகையானது. கூம்பு வடிவான அப்பெட்டியைப் பானையின் வாயிலே பொருத்தி, பிட்டு மாவை இட்டு மூடிவிட்டால், கீழே கொதிக்கும் நீரின் ஆவி இழைகளினூடே புகுந்து மாவை அவிக்கும். உலோகப் பாத்திரமாயின் ஆவி சுவரிற் பட்டுக் குளிர்ந்து துளியாகி மீண்டும் மாவிலே வடியும். ஓலையோ அத்துளியைத் தான் உறிஞ்சிக்கொள்ளும். பிட்டு உதிரியாக வருவதன் இரகசியம் இதுதான். விஞ்ஞான மாணவர் ஒடுங்கல் என்னும் பாடத்தைப் பரிசோதனைக் குழாயில் மாத்திரம் பார்க்க வேண்டுவதில்லை, அடுக்களையிலும் பார்க்கலாம்.

பனையின் பயன் 801 என்று பாடிய தமிழ்ப் பாட்டொன்று உண்டு. 1850ஆம் ஆண்டில் வில்லியம் பேர்குசன் என்பார் பனைக்கென ஆங்கிலத்திலே ஒரு தனி நூல் எழுதிக் கொழும்பில் வெளியிட்டார். அத்துணைப் பெருமை பெற்ற மரம் பின்னாளிற் பட்ட பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. போர் நடந்த ஆண்டுகளிற் காப்பரண் அமைப்பதற்கென்று தறிக்கப்பட்ட பனைகள் கணக்கில. எனினும் 1990ஆம் ஆண்டுக்குப்பின் பொருளாதாரத் தடை குடாநாட்டை இறுக்கியபோது, சீனி கைக்கெட்டாத வீடுகளிலே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடித்தோம். இன்று நாற்பது வயதைக் கடந்தோர்க்கு அச்சுவை இன்னும் நாவில் இருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் வராத காலத்தில் வீட்டுக்கு வேண்டியதைக் கொடுத்தது பனை. பாதை திறந்து பிளாஸ்டிக் கூடை லொறியில் வந்து இறங்கியதும் நாம் அதனை மறந்தோம்.

பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களிற் பனம்பொருள்களை வாங்கலாம். 2017ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் முதல் மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் உணவு சுற்றும் தாள்களுக்கும் அரசாங்கம் தடை விதித்தபோது, இனி ஓலைப் பைக்கு நற்காலம் என்று பலரும் பேசினர். பேச்சு நடந்தது, பையும் வேறு வடிவில் வந்து சேர்ந்தது.

நாம் கடையில் இருந்த வேளையிற் பெண்மணி ஒருவர் வந்தார். கடகம் ஒன்றின் விலையைக் கேட்டார். கேட்டதும் முகம் சுருங்கிற்று.

“சந்தையிலை பிளாஸ்டிக் கூடை இதிலை பாதி விலைக்குக் கிடக்குது, ஐயா.”

“ஓம் பிள்ளை, அதையே வாங்குங்கோ. வாங்கி, ஈர நெல்லை நிரப்பித் தலையிலை வைச்சுப் பாத்திட்டு வாங்கோ. நான் இங்கைதான் இருப்பன்.”

பெண்மணி சிரித்துவிட்டார். ஆனாற் கடகம் வாங்கவில்லை. நீத்துப்பெட்டி ஒன்றை மாத்திரம் வாங்கிச் சென்றார். அதற்கும் சிறிது விலை குறைப்பித்தார்.

அவர் சென்றபின் கடைக்காரர் நமக்கு ஒரு கணக்குச் சொன்னார். குருத்து வெட்டுவதற்கு மரமேறுவோர் அருகிவிட்டனர்; ஆகையால் ஓலையையும் காசுக்கே வாங்கவேண்டும். வாங்கிய ஓலையைக் காயவைத்து, சத்தகத்தால் ஈர்க்கு நீக்கி, ஒரே அளவான வார்களாக வார்ந்தெடுக்க ஒரு பகல். இழைக்க ஒரு பகல். பொத்த மற்றொரு பகல். காய்ந்த ஓலை ஒடியும், நீர் தெளித்துப் பதப்படுத்தியே இழைக்கவேண்டும், அந்நேரம் வேறு. கடகத்தின் விலையிலிருந்து ஓலைக் காசைக் கழித்து, மிகுதியை மூன்று நாளாற் பிரித்தால், தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போகும் பெண்ணின் நாட்கூலியிற் பாதியும் வாராது. இந்த நிலையில், “என் மகள் ஏன் இதைப் படிக்கவேண்டும்?” என்று இழைக்கும் தாயொருத்தி கேட்டால், அவளுக்குப் பண்பாடு, பாரம்பரியம் என்று பதில் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. விலையைக் குறைத்துக் கேட்கும் நாமே மேடையேறினாற் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுகின்றோம்.

கடையின் முன்பக்கத்திலே சிவப்பும் பச்சையும் ஊதாவும் தோய்த்த சிறு பெட்டிகள், தொப்பிகள், கிலுகிலுப்பைகள், கைப்பைகள் வரிசையாக இருந்தன. நமக்கு அவற்றில் அத்துணை விருப்பமில்லை. பயன்படும் பொருளிலே அழகு தானாகவே வரும். அழகுக்கென்று செய்த பொருள் அலுமாரியில் ஏறித் தூசி படியும் என்பது நம் கருத்து. சுளகு ஒன்றின் வளைவைப் பாருங்கள். அரிசியைப் புடைக்கும்போது உமி முன்னே பறக்கவும் மணி பின்னே சேரவும் வேண்டுமென்று அமைந்த வளைவு அது. அதற்குச் சாயம் வேண்டியதில்லை. இதனைக் கடைக்காரரிடம் கூறியபோது அவர் மறுக்கவில்லை.

“மாஸ்டர், நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு வாற வெளிநாட்டுப் பிள்ளையள் இந்தச் சின்னப் பெட்டியளைத்தான் தூக்கிக்கொண்டு போகினம். அந்தக் காசிலைதான் மாரி முழுக்க நான் கடகத்துக்குக் காசு குடுக்கிறன்.”

நம் கருத்தை நாம் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. எனினும் இச்செய்தியையும் வாசகர் முன் வைத்தல் முறை. கனடாவிலோ இலண்டனிலோ ஒரு வீட்டு அலுமாரியில் இருக்கும் வர்ணப்பெட்டி, தென்மராட்சியில் ஒரு கடகம் இழைபடுவதற்குத் துணை நிற்கின்றது. பேரப்பிள்ளைக்குப் பெட்டியைக் காட்டும் பாட்டி, அதன் பெயரையும் சொல்லிக் கொடுப்பாளாயின் இன்னும் நன்று.

இக்கடையின் உண்மையான வியாபாரம் பெட்டியில் இல்லை. கடைக்காரர் வைத்திருக்கும் ஒரு கொப்பியில் இருக்கின்றது. பொருள் விற்றபின் காசு தருவோம் என்பது பல இடங்களில் வழக்கம். இவரோ பொருள் கொண்டுவந்த கையோடு காசு கொடுத்து, கொப்பியில் எழுதிக்கொள்கின்றார். சிலர் காசுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பெற்றுச் செல்வர். ஆகவே விற்காத கடகம் ஒவ்வொன்றும் வளையிலே தொங்குகின்ற அவர் முதல். ஓர் ஆண்டாகத் தொங்குவனவும் உள. பிள்ளைகள் இருவர் வெளிநாட்டில். கடையைப் பூட்டிவிட்டு வரும்படி தொலைபேசியில் வற்புறுத்துகின்றனராம். பூட்டினால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கொப்பியிற் பெயருள்ள பெண்கள் தம் பொருளைத் தலையிற் சுமந்து சந்தைக்குச் சென்று, வெயிலில் இருந்து, பொழுது சாயும் வேளையிற் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டும். கொப்பியில் முன்னர் இருபத்திரண்டு பெயர் இருந்தன. இப்போது ஏழு. அவ்வேழு பேருள் கடகம் பொத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்.

கடைக்குப் போக எண்ணுவோர்க்கு அவர் சொன்ன சில குறிப்புகள்: கடகம் வாங்கும்போது வாயைப் பாராமல் மூலையைப் பாருங்கள், அடியின் நான்கு மூலையிலும் வெளிச்சம் தெரியாவிடின் அது நல்ல கடகம். புதிய நீத்துப்பெட்டியை முதல் நாள் நீரில் ஊறவிட்டு, வெறுமனே ஒருமுறை ஆவியில் வைத்தெடுத்தால் பச்சை ஓலை மணம் பிட்டில் ஏறாது. சுளகையும் பெட்டியையும் அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் வைத்தாற் பூச்சி அணுகாது. வாயு அடுப்பு உள்ள வீட்டார் இடைக்கிடை வெயிலில் வைக்கலாம். ஈரத்தோடு மூடிவைத்தல் கூடாது.

பொத்தத் தெரிந்த அந்த ஆச்சி சனிக்கிழமை பின்னேரங்களில் அக்கடைத் திண்ணைக்கு வருகின்றார். கற்க விரும்புவோர் ஓலையும் சத்தகமும் கொண்டு சென்றாற் போதும், கட்டணம் இல்லை, வெற்றிலை வாங்கிக் கொடுத்தால் மகிழ்வார். நாம் சென்ற சனிக்கிழமை இருவர் வந்திருந்தனர். ஒருத்தி உயர்தர வகுப்பு மாணவி. பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருப்பவள். மற்றவர் ஓய்வுபெற்ற தபாற் சேவகர். மாணவியின் விரல் விரைவாக ஓடிற்று. தபாற் சேவகரின் விளிம்பு கோணலாகவே வந்தது. ஆச்சி அதனை அவிழ்த்து, ஒரு சொல்லும் சொல்லாமல், மறுபடி அவர் கையிற் கொடுத்தார்.