வகையீடும் தொகையீடும் வீட்டு மேசையில்

நுண்கணிதம் என்றதும் எம்மவர் பலர் ரியூஷன் கட்டணத்தையே முதலில் எண்ணுகின்றனர். அது தேவையற்ற அச்சம் என்பதே என் கருத்து.

நியூ சவுத் வேல்ஸில் மேம்பட்ட கணிதம் பயிலும் மாணவர் 11ஆம் ஆண்டில் வகையீட்டையும் 12ஆம் ஆண்டில் தொகையீட்டையும் கற்கின்றனர். இவையிரண்டும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகுக்குத் திறந்துவிடப் போவதாக 2001இல் அறிவித்தது. அதன் ஒருமாறி நுண்கணித விரிவுரைகளையும் பரீட்சைத் தாள்களையும் விடைகளையும் வில்லாவுட்டில் வாழும் பிள்ளையும் காசின்றிப் பெறலாம். கான் அக்கடமியின் பாடங்களும் அவ்வாறே.

ஆயினும், காணொளியைப் பார்த்துத் தலையசைப்பது வேறு. தாளில் தானே செய்து பார்ப்பது வேறு. பிள்ளைக்கு விளங்கியதா என்று திரை முகம் பார்த்து அறியாது. அங்கேதான் பெற்றோர் வேண்டும். "நான் தமிழில் படித்தவன், இங்கே அது உதவாது" என்று எம்மவர் ஒதுங்கிக்கொள்வது எனக்குப் பெரும் வருத்தம் தருகின்றது. அகதிகளாக வந்த நாம் வீட்டையும் வளவையும் இழந்தோம். கற்ற கணிதத்தை இழக்கவில்லை. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உயர்தர வகுப்பில் எல்லை, சார்பு, வகையீடு எனத் தமிழிற் பயின்றவைதாம் இங்கு ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. நியூட்டன் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 1530இல், கேரளத்து ஜ்யேஷ்டதேவர் முடிவிலாத் தொடர்களின் நிறுவல்களை 'யுக்திபாஷா'வில் சமஸ்கிருதத்தில் அன்றி மலையாளத்திலேயே எழுதிவைத்தார். தாய்மொழி இதற்குப் போதாது என்று அவர் எண்ணவில்லை.

கணிதம் பயிலாத பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 30 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சம சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாப் பெட்டி வரும். பயற்றம் உருண்டை அதிகம் கொள்ள எவ்வளவு வெட்டவேண்டும்? 4 சென்ரிமீற்றர் வெட்டினால் கொள்ளளவு 1936 கன சென்ரிமீற்றர். 6 வெட்டினால் 1944. 5 வெட்டினாலோ 2000. பிள்ளை இதைச் செய்து கண்டபின், கொள்ளளவை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தச் சொல்லுங்கள். அதே 5 வரும். "ஏன் பூச்சியம்?" என்று கேளுங்கள். உச்சியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்பதைப் பிள்ளை தமிழிலேயே சொல்லட்டும்.

15 என்று இன்னொரு விடையும் வரும். அதை ஏன் தள்ளுகிறோம் என்றும் கேளுங்கள். அட்டையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அதற்குக் கணினி வேண்டியதில்லை.